அடாப்டர் வாங்கும் முன் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள்

கிருஷ்ணகிரியில் எங்கள் எலக்ட்ரிக்கல் கடைக்கு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஒரு தனிக் கூட்டம் வரும். வாசலில் கார் நிற்கும். கேரியரில் பெட்டிகள் கட்டியிருக்கும். இரவு விமானம், ஓசூர் நெரிசலைத் தாண்டி, பெங்களூரையும் தாண்டி, தேவனஹள்ளி விமான நிலையம் போய்ச் சேர வேண்டும். அவசரமாக இறங்கி வருகிற அப்பாவோ மாமாவோ கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, பையன் ஃபாரின் போறான். எல்லா ஊருக்கும் ஆகுற பின்னு ஒண்ணு குடுங்க."

எடுத்துக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் நான் உடனே கொடுப்பதில்லை. "தம்பி என்னென்ன எடுத்துட்டுப் போறாருங்க?" என்று கேட்பேன். போன், லேப்டாப் என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் மெதுவாக மிக்சி வரும், கெட்டில் வரும், அயர்ன் பாக்ஸ் வரும். பர்கூர் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, மகன் கனடா போகிறான் என்று டேபிள் டாப் கிரைண்டரே வாங்கி வைத்திருந்தார். அதை இறக்கி வைக்கச் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடாப்டர் விஷயத்தில் நடக்கிற தவறுகளில் முக்கால்வாசி, அடாப்டரை முதலில் யோசிப்பதால் வருகிறது. அது கடைசியில் வாங்க வேண்டிய பொருள். முதலில் பார்க்க வேண்டியது நம் கையில் இருக்கும் சாமானை. முதல் தடவை வெளிநாடு கிளம்புகிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் ஆகியோரை மனதில் வைத்து, நான் கடையில் சொல்கிற அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் லேபிள்

எடுத்துப் போகப்போகும் ஒவ்வொரு சார்ஜரையும் சாமானையும் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு லேபிள் இருக்கும். சில சார்ஜர்களில் கறுப்பு பிளாஸ்டிக்கில் கறுப்பாகவே அச்சடித்திருப்பார்கள்; நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. டார்ச்சைச் சாய்வாக அடித்து, போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள், எழுத்து எழும்பி வரும். அதில் 'இன்புட்' என்ற சொல்லைத் தேடுங்கள். 'அவுட்புட்' வேண்டாம், அது போனுக்குப் போகிற கரண்ட்.

இன்புட் பக்கத்தில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் (கரண்ட் நொடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் அலைகிறது என்ற கணக்கு) என்று இருந்தால் அந்தச் சாமான் உலகத்தில் எந்த ஊரிலும் ஓடும். இன்றைய போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர், கேமரா சார்ஜர் எல்லாம் அநேகமாக இப்படித்தான் வருகின்றன. பல டிரிம்மர்களும் அப்படியே. இவற்றுக்கு அடாப்டர் மட்டும் போதும்.

230 வோல்ட் என்றோ 220–240 வோல்ட் என்றோ மட்டும் போட்டிருந்தால் அது நம் ஊர்க் கரண்டுக்காகவே செய்த சாமான். மிக்சி, கெட்டில், அயர்ன் பாக்ஸ், ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, கிரைண்டர், நெபுலைசர் இதில் சேரும். இதை எடுத்துப் போகலாமா என்பது போகிற நாட்டைப் பொறுத்தது.

இரண்டையும் ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை.

அடாப்டர் என்ன செய்கிறது என்று இந்த இடத்தில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அது பின்னின் வடிவத்தை மட்டும் மாற்றும். தோட்டத்தில் ஒன்றரை இஞ்ச் பைப்பை ஒரு இஞ்ச் பைப்போடு சேர்க்க ரெடியூசர் போடுகிறோம் அல்லவா, அது போலத்தான். ரெடியூசர் போட்டதால் மேலே இருக்கும் தொட்டியின் உயரம் மாறுவதில்லை. சுவரில் 120 வோல்ட் இருந்தால், அடாப்டர் வழியாக வருவதும் அதே 120 வோல்ட்தான். எங்கள் கடைப் பேச்சில் இந்த வகைச் சாமானைக் 'கன்வர்ஷன் பிளக்' என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டு, கரண்டையே கன்வர்ட் செய்யும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

வோல்டேஜை மாற்ற டிரான்ஸ்பார்மர் வேண்டும். ஒரு மிக்சியைத் தாங்கும் டிரான்ஸ்பார்மர் செங்கல்லைத் தூக்குவது போலக் கனக்கும். பெட்டியின் எடையில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை.

போகிற ஊரில் என்ன கரண்ட்

நம் வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சிங்கப்பூர், மலேசியா, துபாய், கத்தார், இங்கிலாந்து, ஐரோப்பிய நாடுகள், ரஷ்யா, ஜார்ஜியா, ஆஸ்திரேலியா எல்லாம் இதே அளவிலோ மிக அருகிலோ இருப்பவை. இங்கெல்லாம் நம் 230 வோல்ட் சாமான் ஓடும், பின் மட்டும்தான் பிரச்சினை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். தைவானில் 110. ஜப்பானில் இன்னும் குறைவு, 100 வோல்ட். ஜப்பானில் இன்னொரு விசேஷமும் உண்டு. டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதால் வந்த பிரிவு அது. இன்று வரை ஒரே நாட்டுக்குள் அப்படியே நிற்கிறது.

230 வோல்ட் கெட்டிலை 120 வோல்ட்டில் போட்டால் என்ன ஆகும்? வெடிக்காது, புகையாது. அக்கா மகன் டொராண்டோ போனபோது, நான் ஊரில் இல்லாத நேரத்தில் வீட்டில் ஒரு கெட்டிலைப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். இரண்டாம் நாள் போன் வந்தது. "மாமா, கால் மணி நேரமா வெச்சிருக்கேன், இன்னும் கொதிக்கல. கெட்டில் ரிப்பேரா?" ரிப்பேர் இல்லை. வோல்டேஜ் ஏறக்குறையப் பாதியானால் சூடு கொடுக்கும் சக்தி பாதியாவதில்லை, கால் பங்குக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். வோல்டேஜ் குறையும்போது ஓடுகிற கரண்டும் சேர்ந்து குறைவதால் இரண்டு பக்கமும் அடி. 1500 வாட் கெட்டில் அங்கே சுமார் 400 வாட் கெட்டிலாகிவிடுகிறது. கிருஷ்ணகிரியில் நான்கைந்து நிமிடத்தில் கொதிக்கிற ஒரு லிட்டர் தண்ணீர், அங்கே கால் மணி தாண்டியும் முனகிக்கொண்டிருக்கும். அவன் அங்கேயே ஒரு கெட்டில் வாங்கிக்கொண்டான்.

மிக்சிக்கும் இதே கதைதான். தேங்காய்ச் சில்லைப் போட்டால் பிளேடு திணறி நிற்கும். அமெரிக்கா, கனடா போகிறவர்களுக்குச் சட்னி அரைக்க நம் ஊர் மிக்சியே வேண்டுமென்றால், 110 வோல்ட்டுக்கென்று நம் கம்பெனிகளே தயாரிக்கும் மிக்சி உண்டு. பின்னும் அமெரிக்கப் பின்னாகவே இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த ஹெர்ட்ஸ் விஷயம் சார்ஜரையோ கெட்டிலையோ பாதிக்காது. மிக்சியில் கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். அதற்கும் கவலை இல்லை. ஆனால் கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். 60 ஹெர்ட்ஸில் அது ஐந்தில் ஒரு பங்கு அதிக வேகத்தில் சுற்றப் பார்க்கும், சூடேறும். சவூதி அரேபியா, தென்கொரியா, பிலிப்பைன்ஸ் மூன்றிலும் வோல்டேஜ் நம்முடையது போல இருந்தாலும் 60 ஹெர்ட்ஸ்தான்.

பிலிப்பைன்ஸை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருத்துவம் படிக்க நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் போகிறார்கள். அங்கே சுவரில் இருப்பது அமெரிக்கா மாதிரி இரண்டு தட்டைப் பின் சாக்கெட். அதைப் பார்த்து 110 வோல்ட் என்று நம்பிவிடாதீர்கள். உள்ளே ஓடுவது 220 வோல்ட். அமெரிக்காவிலிருந்து வந்த 110 வோல்ட் சாமான் அங்கே கச்சிதமாக உட்காரும், உடனே கருகும். சாக்கெட்டின் வடிவத்தை வைத்து வோல்டேஜை முடிவு செய்யக்கூடாது.

சுவரில் இருக்கும் ஓட்டைகள்

உலகத்தில் வழக்கத்தில் இருக்கும் பிளக் வகைகளுக்கு ஏ முதல் ஓ வரை 15 ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைத்திருக்கிறார்கள். பதினைந்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அடாப்டர் அட்டையில் இந்த எழுத்துதான் அச்சாகியிருக்கும் என்பதால், உங்கள் நாட்டின் எழுத்து மட்டும் தெரிந்தால் போதும்.

நம் மூன்று உருண்டைப் பின் பிளக் டி டைப். கீசர், ஏசிக்குப் போடும் பெரிய 16 ஆம்பியர் பிளக் எம் டைப். போன் சார்ஜரில் இருக்கும் மெல்லிய இரண்டு உருண்டைப் பின் சி டைப். டியும் எம்மும் பிரிட்டிஷ்காரர்கள் இங்கே விட்டுப்போன பழைய வடிவங்கள். அவர்களோ இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு தங்கள் ஊரில் அதைக் கைவிட்டு, 1947இல் தட்டையான மூன்று பின் பிளக்குக்கு மாறினார்கள். நாம் சுதந்திரம் வாங்கிய அதே வருடம். அதனால்தான் இன்று லண்டனில் நம் பிளக் நுழையாது. தென்னாப்பிரிக்காவில் நம் கீசர் பிளக்கைப் போன்ற பெரிய சாக்கெட் இன்றும் இருக்கிறது.

அந்தத் தட்டையான மூன்று பின்தான் ஜி டைப். இங்கிலாந்தோடு சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், ஓமன், பஹ்ரைன், குவைத், சவூதி எல்லாவற்றிலும் இதுதான். இலங்கையில் நம் வகையும் ஜியும் கலந்து இருக்கும். நம் மாவட்டங்களிலிருந்து வேலைக்குப் போகிறவர்களில் பலருக்கு ஜி டைப் ஒன்று இருந்தாலே காலம் ஓடிவிடும்.

ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன், ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், தென்கொரியா: எஃப் டைப். பிரான்ஸ், போலந்து: ஈ டைப். இரண்டிலும் சாக்கெட் சுவருக்குள் வட்டக் குழியாக இறங்கியிருக்கும். நம் மெல்லிய டூ பின் போன் சார்ஜர் அதில் நேராகவே நுழையும், அடாப்டரே வேண்டாம். ஆனால் சார்ஜரின் உடம்பு அகலமாக இருந்தால் குழியின் விளிம்பில் முட்டி நிற்கும், பின் தொடாது. சதுரமான அடாப்டர்களுக்கும் இதே சிக்கல். ஐரோப்பா போகிறவர்கள் அடாப்டரில் பின்கள் நீட்டியிருக்கும் பக்கம் வட்டமாகவோ ஒடுக்கமாகவோ இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அமெரிக்கா, கனடாவில் ஏ, பி. ஏ என்பது இரண்டு தட்டைப் பின். பி என்பது அதோடு ஓர் உருண்டை எர்த் பின் (சாமான் பழுதானால் நமக்கு ஷாக் அடிக்காமல் கரண்டை மண்ணுக்குக் கடத்தும் பின்). ஜப்பானில் பெரும்பாலும் ஏ. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் இரண்டு பின் சாய்ந்து நிற்கும் ஐ டைப்.

கிரானைட் வியாபாரத்துக்காக இத்தாலியின் வெரோனா கல் கண்காட்சிக்கும், சீனாவின் சியாமென் கண்காட்சிக்கும் நம் ஊரிலிருந்து போய்வருகிறவர்கள் உண்டு. இத்தாலியில் எல் டைப்: மூன்று உருண்டைப் பின் ஒரே வரிசையில், அதிலும் சிறியது பெரியது என்று இரண்டு அளவு. போன் சார்ஜரின் டூ பின் அங்கேயும் நுழைந்துவிடும். லேப்டாப்புக்குத்தான் அடாப்டர் வேண்டும். சீனாவில் 220 வோல்ட். ஒரே தட்டில் மேலே டூ பின்னுக்கும் கீழே சாய்ந்த மூன்று பின்னுக்கும் ஓட்டை வைத்த சாக்கெட்டுகளைப் பல இடங்களில் பார்க்கலாம்.

எதை வாங்குவது

ஒரே நாட்டுக்குப் போய் அங்கேயே தங்கப்போகிறவர்கள் 'யுனிவர்சல்' அடாப்டர் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. அந்த நாட்டுக்கென்று செய்த சிறிய, கட்டியான ஒற்றை அடாப்டர் இரண்டு வாங்குங்கள். விலை குறைவு, நகரும் பாகம் எதுவும் இல்லை, சாக்கெட்டில் உறுதியாக உட்காரும். யுனிவர்சலில் பின்களைத் தள்ளி வெளியே எடுக்கும் பொத்தான்கள் இருக்கும். கொஞ்ச நாளில் அவை தளர்ந்து, செருகும்போது பின் உள்ளே போய்விடும். அதன் எடையால் சாக்கெட்டிலிருந்து சாய்ந்து தொங்கவும் செய்யும். பல நாடுகள் சுற்றுகிறவர்களுக்கு, நடுவில் வேறு நாட்டில் ஒரு நாள் தங்கிப் போகிறவர்களுக்கு யுனிவர்சல் சரி.

யுனிவர்சல்தான் வேண்டும் என்றால் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் லேப்டாப் பிளக்கைக் கையோடு கொண்டுபோங்கள். 'எல்லா நாடும்' என்று அட்டையில் போட்டிருக்கும் அடாப்டர்களில் சில, எல்லா நாட்டுப் பிளக்கையும் வாங்கிக்கொள்ளும், நம் மூன்று உருண்டைப் பின்னைத் தவிர! செருகிப் பாருங்கள். நுழைந்தால், பிளக்கைப் பிடித்து அடாப்டரைத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். கழன்று விழக்கூடாது. லேசாக ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரக்கூடாது.

அடுத்து ஆம்பியர். அடாப்டரின் மேல் 6, 10, 13 என்று ஏதாவது போட்டிருக்கும். எதுவுமே போடாததை வாங்காதீர்கள். 6 ஆம்பியர் என்றால் 230 வோல்ட்டில் 1380 வாட் வரை. 65 வாட் லேப்டாப் சார்ஜருக்கு இது பல மடங்கு அதிகம். ஆனால் 1500 வாட் கெட்டிலை இதில் போட்டால் ஆறரை ஆம்பியர் ஆகிவிடும், எல்லையைத் தாண்டிவிட்டது. அதே 6 ஆம்பியர் அடாப்டர் அமெரிக்காவின் 120 வோல்ட்டில் 720 வாட்தான் தாங்கும். ஜி டைப் அடாப்டராக இருந்தால் உள்ளே ஃபியூஸ் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். என் தம்பி முதல் தடவை சிங்கப்பூர் கட்டுமான வேலைக்குப் போனபோது, மொத்த வியாபாரத்தில் வந்த பெயரில்லாத சரக்கிலிருந்து ஓர் அடாப்டரை எடுத்துக் கொடுத்தேன். அவன் அதில் ரைஸ் குக்கரைப் போட்டிருக்கிறான். மூன்றாவது வாரம் பிளாஸ்டிக் உருகி, சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டது. நல்ல வேளை, ஆள் பக்கத்தில் இருந்தான். விடுமுறைக்கு வந்தபோது அதை எடுத்து வந்து என் மேஜையில் வைத்தான். ஹேக்சா பிளேடால் பிளந்து பார்த்தேன். உள்ளே விரல்நகத்தை விட மெல்லிய இரண்டு பித்தளைத் தகடு. பின்னைப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு முனை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த இடம் நீலம் பாய்ந்து கறுத்திருந்தது. மூன்றாவது, எர்த் பின், வெறும் பிளாஸ்டிக்கில் நட்டு வைத்த அலங்காரம். எந்தக் கம்பியோடும் அதற்குத் தொடர்பு இல்லை. அன்றைக்கே மீதியிருந்த சரக்கைத் திருப்பி அனுப்பினேன்.

எர்த்

அந்த மூன்றாவது பின்னைப் பற்றி யாரும் கேட்பதில்லை. டூ பின் சார்ஜருக்கு எர்த் தேவையில்லை. அதன் லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஒரு குறி இருக்கும். எர்த் இல்லாமலே பாதுகாப்பாக இருக்கும்படி இரட்டை இன்சுலேஷன் செய்தது என்று அர்த்தம். மூன்று பின் வைத்து வருகிற சாமானுக்கு, முக்கியமாக உலோக உடம்பு வைத்த கெட்டில், அயர்ன் பாக்ஸுக்கு, எர்த் கட்டாயம். பெரும்பாலான யுனிவர்சல் அடாப்டர்கள் எர்த்தைக் கடத்துவதில்லை. அட்டையில் சிறு எழுத்தில் அதை எழுதியும் இருப்பார்கள்.

மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்: ஒரு முனையை அடாப்டரின் எர்த் ஓட்டையிலும் மறு முனையை வெளியே நீட்டியிருக்கும் எர்த் பின்னிலும் வைத்தால் 'பீப்' சத்தம் வர வேண்டும். எங்கள் கடையில் கேட்கிற எல்லோருக்கும் இதைச் செய்து காட்டுகிறேன்.

லேப்டாப்புக்கு நான் சொல்லும் வழி இன்னும் எளிது. பல லேப்டாப் சார்ஜர்களில் சுவருக்குப் போகும் கேபிள் தனியாகக் கழன்று வரும். செங்கல் மாதிரி இருக்கும் பெட்டிக்குள் செருகும் அதன் முனையில் மூன்று ஓட்டை இருக்கும். அந்த முனையின் வடிவத்தைப் பார்த்து ரிப்பேர் கடைகளில் 'மிக்கி மவுஸ் கேபிள்' என்பார்கள். போய் இறங்கிய ஊரில் அந்த ஒரு கேபிளை மட்டும் அந்த ஊர்ப் பின்னோடு வாங்கி மாட்டிவிட்டால் அடாப்டரே தேவையில்லை. எர்த்தும் சரியாகக் கிடைக்கும். வருடக்கணக்கில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. முதல் வாரத்துக்கு ஓர் அடாப்டர், அப்புறம் கேபிள்.

நான்கைந்து சார்ஜர் இருக்கிறதே, நான்கைந்து அடாப்டரா என்று கேட்பார்கள். வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரை போட்ட நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் பிளக்குக்கு மட்டும் அடாப்டர் போடுங்கள். பெரிய 16 ஆம்பியர் பிளக் வைத்த பாக்ஸ் அடாப்டரில் நுழையாது. 6 ஆம்பியர் பிளக் வைத்ததாக இருக்கட்டும். அதில் சார்ஜர்கள் மட்டும், அடுப்புச் சாமான் எதுவும் கூடாது. சில விடுதிகளில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குத் தடை உண்டு. முன்கூட்டியே விதிமுறையைப் படித்துவிடுங்கள்.

அப்பா அம்மா அமெரிக்காவுக்குப் பிள்ளையைப் பார்க்கப் போகும்போது நெபுலைசர் எடுத்துப்போவது உண்டு. தயவுசெய்து லேபிளைப் பாருங்கள். நம் ஊரில் வாங்கிய கம்ப்ரசர் வகை, 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் மோட்டாரில் ஓடுவதாக இருந்தால் அங்கே மருந்தைச் சரியாகப் புகையாக்காது. மூச்சு வாங்கும்போது அதைக் கண்டுபிடிக்கும் நிலை வரக்கூடாது. பிள்ளையிடம் சொல்லி அங்கேயே ஒன்றை முன்கூட்டி வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

போய் இறங்கியதும்

அடாப்டரைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் போனுக்குச் சார்ஜ் இருக்கும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் போட்டால் விமான நிலையத்தில் எடுக்கச் சொல்வார்கள். 100 வாட்-மணி வரை தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம். 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் என்பது சுமார் 74 வாட்-மணி, அதனால் கவலை இல்லை.

சிங்கப்பூர், வளைகுடா, இங்கிலாந்தில் சாக்கெட் பக்கத்திலேயே பெரும்பாலும் நம் ஊர் போல சுவிட்ச் இருக்கும். கீழே தட்டினால் ஆன். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் சுவிட்ச் இருக்காது. எப்போதும் கரண்ட் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே செருகுங்கள். முதலில் பிளக்கை அடாப்டருக்குள் முழுமையாகத் தள்ளிவிட்டு, அப்புறம் இரண்டையும் சேர்த்துச் சுவரில் செருகுங்கள்.

ஜி டைப் சாக்கெட் பற்றி ஓர் எச்சரிக்கை. அதில் மேலே இருக்கும் எர்த் ஓட்டைக்குள் நீளமான பின் போனால்தான் கீழே இருக்கும் இரண்டு ஓட்டைகளின் மூடி திறக்கும். குழந்தைகள் எதையும் நுழைத்துவிடாமல் இருக்க வைத்த ஏற்பாடு. நம் ஆட்கள் தங்கும் அறைகளில் இதற்கு ஒரு குறுக்குவழி பரவியிருக்கிறது. பேனா மூடியையோ சாவியையோ மேலே குத்தி, மூடியைத் திறந்து, டூ பின் சார்ஜரைக் கீழே அழுத்திவிடுவது. பேனா வரை ஷாக் அடிக்காமல் தப்பலாம். ஆனால் அந்தச் சாக்கெட் தட்டைப் பின்னுக்காகச் செய்தது. உருண்டைப் பின் அதில் சரியாகப் பிடிக்காது. பிடிக்காத இடத்தில் பொறி பறக்கும், சூடேறும், ஒரே அறையில் எட்டுப் பேர் தூங்குகிற இடத்தில் அது நடக்கும். சாவி போட்டுத் திறக்கும்போது சாக்கெட்டுக்குள் ஏதாவது பழுதிருந்தால் ஷாக்கும் சாவி வழியாகவே வரும். 100, 200 ரூபாய் அடாப்டருக்காக இதைச் செய்யாதீர்கள், தம்பிகளா. பக்கத்துக் கட்டிலில் யாராவது செய்தாலும் தடுத்துவிடுங்கள்.

முதல் நாள் சார்ஜ் போட்ட அரை மணி கழித்து, புறங்கையால் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடோ, பிளாஸ்டிக் வாடையோ வந்தால் அதைக் குப்பையில் போட்டுவிட்டு அங்கேயே வேறு வாங்குங்கள்.

திரும்பி வரும்போது

இது எல்லோரும் மறந்துவிடுகிற பகுதி. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் அங்கே வாங்கிய ஹேர் டிரையர், காபி மேக்கர், முடி சுருட்டும் கருவி என்று எடுத்து வருவார்கள். 120 வோல்ட்டுக்குச் செய்த சூடேற்றும் சாமானை இங்கே 230இல் போட்டால் கணக்குத் தலைகீழாகும். கிட்டத்தட்ட மூன்றரை மடங்குக்கு மேல் சக்தி ஒரே நொடியில் அதற்குள் பாயும். பாலக்கோட்டில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு கல்யாண நாள் காலையில் அப்படி ஒரு ஹேர் டிரையரைப் போட்டார்கள். ஒரு பெரிய ஊதல், கருகிய நாற்றம், எம்சிபி (கரண்ட் எல்லை மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்து வீடு முழுக்க இருட்டு. மணப்பெண்ணின் தலைமுடிக்குப் பக்கத்தில் இருந்த கருவி அது. நினைத்தால் இன்னும் பதறுகிறது.

இங்கேயும் வேலை அதேதான்: திருப்பி, லேபிளைப் பார்த்து, 100–240 இருந்தால் போடுங்கள். 120 மட்டும் இருந்தால் அந்தப் பிளக்கில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, மார்க்கரில் 120 என்று பெரிதாக எழுதிவிடுங்கள். வீட்டில் யார் கையில் எடுத்தாலும் தெரிய வேண்டும். டேப் சுருள் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் 10, 20 ரூபாய்க்குக் கிடைக்கும்.